கேன் பீரா, பாட்டில் பீரா: எதை எப்போது வாங்குவது?

பாட்டிலில் வருவதுதான் அசல் பீர், கேனில் வருவது அவசரத்துக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ப்ரூவரிக்குள், அதாவது பீர் தயாரிக்கும் ஆலைக்குள், போய்ப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே தொட்டியிலிருந்து வருகின்றன. அதே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), அதே ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), அதே ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்). கடைசியில் குழாய் பிரிந்து ஒன்று கேன் நிரப்பும் எந்திரத்துக்கும் மற்றது பாட்டில் நிரப்பும் எந்திரத்துக்கும் போகிறது. வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது அந்த இடத்தில் தொடங்கி, லாரி, கிடங்கு, கடை அலமாரி வழியாக உங்கள் கைக்கு வருவதற்குள் உண்டாவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் குடிக்கும் லாகர், பில்ஸ்னர் போன்ற மென்மையான வகைகள், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ எல்லாவற்றுக்கும் கேன்தான் என் தேர்வு, கிளாஸில் ஊற்றிக் குடிப்பதாக இருந்தால். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கும் பெல்ஜிய வகைகளுக்குப் பாட்டில். காலி பாட்டிலை உண்மையிலேயே திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் ஊராக இருந்தால் அங்கேயும் பாட்டில். பச்சைப் பாட்டிலோ நிறமில்லாத வெள்ளைப் பாட்டிலோ கடை வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தால், எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

வெளிச்சம்

பீருக்கு வெளிச்சம் ஆகாது. எல்லாரும் சொல்லக் கேட்டிருப்போம், ஆனால் எவ்வளவு ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. ஹாப்ஸைக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் ஐசோஹியூமுலோன் என்ற பொருட்களாக மாறுகின்றன. பீரின் கசப்பு பெரும்பாலும் இவற்றால் வருவது. பீரில் ரைபோஃபிளேவினும் இருக்கிறது, நாம் பி2 வைட்டமின் என்று சொல்வது. வெளிச்சம் பட்டதும் ரைபோஃபிளேவின் அதை வாங்கிக்கொண்டு ஐசோஹியூமுலோனை உடைக்கிறது. உடைந்த துண்டு பீரிலுள்ள கந்தகச் சேர்மத்தோடு சேர்ந்தால் கிடைப்பது 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால். ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சும் திரவத்தில் இருப்பவற்றுக்கு இது நெருங்கிய உறவு. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

வெயில் பட்ட பீர் நாறும் என்பதைக் கார்ல் லின்ட்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1875லேயே எழுதி வைத்துவிட்டார். அந்த வினை எப்படி நடக்கிறது என்று படிப்படியாகத் தெளிவானது 2001இல்தான். அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்து மால்கம் ஃபோர்ப்ஸ் குழுவும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து அதைச் செய்தார்கள்.

இதில் கெடுதல் செய்வது புற ஊதாக் கதிரிலிருந்து நீல நிறம் வரையான வெளிச்சம். பழுப்புக் கண்ணாடி இதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பச்சைக் கண்ணாடி போதுமான அளவுக்குத் தடுப்பதில்லை. நிறமில்லாத கண்ணாடி அநேகமாக எதையுமே தடுப்பதில்லை. நேர் வெயிலில் வைத்தால் பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் சில நிமிடங்களிலேயே வாடை பிடித்துவிடும். வெயில்தான் வேண்டும் என்றும் இல்லை. கடையின் ட்யூப் லைட்டிலும் எல்ஈடி விளக்கிலும் நீல வெளிச்சம் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜில், விளக்குக்கு நேராக முன்வரிசையில் நிற்கும் பாட்டில் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டு லாகர் என்றால் கொஞ்சம் கார நெடி அடிக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. அந்த நெடி ப்ரூவரி வைத்து அனுப்பியது கிடையாது, வழியில் வந்து சேர்ந்தது. பலர் அதையே பிராண்டின் குணம் என்று பழகிவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

வெள்ளைப் பாட்டிலை விடாமல் வேறு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். மில்லர் ஹை லைஃப் என்ற அமெரிக்க பீர் நிறமற்ற கண்ணாடியில்தான் வருகிறது. ஒளியில் உடையாதபடி வேதியியல் முறையில் மாற்றிய ஹாப்ஸ் சாற்றை அதில் சேர்க்கிறார்கள். வெளிச்சப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் ஹாப்ஸ் பூவை அப்படியே போட்டு வரும் கசப்பின் செழுமை அதில் இருக்காது.

கேனுக்கு இந்தக் கவலையே இல்லை. உலோகத்துக்குள் ஒளி நுழையாது. இந்த ஒரு விஷயத்தில் கேனின் வெற்றி முழுமையானது. பழுப்புப் பாட்டில் பக்கத்தில் வரும், சமமாகாது.

காற்று

அடுத்த எதிரி ஆக்ஸிஜன். இங்கே கதை அவ்வளவு நேராகப் போகாது.

பழசான பீரில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். அதற்குக் காரணம் என்று பாடப் புத்தகங்களில் அதிகம் சொல்லப்படுவது டிரான்ஸ்-2-நோனீனல். ஆக்ஸிஜன் ஹாப்ஸ் மணத்தையும் தின்றுவிடும். மாம்பழம், எலுமிச்சை என்று மணக்கும் ஐபிஏ கொஞ்ச நாளில் மந்தமாகி, தேன் போன்ற ஒரு சப்பை இனிப்புக்கு இறங்கிவிடும். இப்படி உள்ளே போகும் ஆக்ஸிஜனை ப்ரூவரிகள் நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற கணக்கில் அளக்கிறார்கள். அவ்வளவு கொஞ்சம் போனாலே போதும், வேலையைக் காட்டிவிடும்.

இது உள்ளே வர இரண்டு வழிகள். நிரப்பும்போது, அப்புறம் மூடிய பிறகு.

மூடிய பிறகு கேன்தான் பத்திரம். உடலின் விளிம்பையும் மூடியின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை மடித்து அழுத்தி, இடையில் அடைப்புப் பசை வைத்து மூடுகிறார்கள். காற்று புக இடமே இல்லை எனலாம். பாட்டிலின் சோடா மூடி அப்படி இல்லை. பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கிய அதே வடிவம்தான் இன்றைக்கும். முதலில் 24 பல் இருந்தது, இப்போது 21. உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். அந்தப் பிளாஸ்டிக் வழியே ஆக்ஸிஜன் மிக மெதுவாக, மாதக்கணக்கில் ஊடுருவிக்கொண்டே இருக்கும்.

உள்ளே கரியமில வாயு அவ்வளவு அழுத்தத்தோடு இருக்கும்போது வெளிக்காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊடுருவலில் ஒவ்வொரு வாயுவும் மற்றதைப் பொருட்படுத்தாமல், தான் அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குப் போகும். வெளியே ஆக்ஸிஜன் 21 சதவீதம். உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் கரியமில வாயு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் அதே வழியில் ஆக்ஸிஜன் உள்ளே வந்துகொண்டிருக்கும். இதைக் குறைக்க, ஆக்ஸிஜனை உறிஞ்சும் பொருள் கலந்த மூடிகளைச் சில ப்ரூவரிகள் போடுகின்றன. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா, கையால் திருகித் திறக்கும் மூடியை விட்டுவிட்டுத் திறப்பான் வைத்துத் திறக்கும் மூடிக்குப் போனதும் இதற்காகத்தான். வாங்குபவருக்குக் கொஞ்சம் சிரமம் கொடுத்தாவது பீரைக் காப்பாற்ற நினைத்தார்கள். எனக்கு அது பிடித்த முடிவு.

நிரப்பும்போது நிலைமை தலைகீழ். பாட்டில் கெட்டியானது. அதனால் உள்ளேயிருக்கும் காற்றை எந்திரம் முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, கரியமில வாயுவை விட்டு, மறுபடி உறிஞ்சி, மறுபடி வாயு விட்டு, அதற்குப் பிறகு பீரை இறக்க முடிகிறது. மூடி போடுவதற்கு முன் மெல்லிய தண்ணீர்ப் பீச்சு ஒன்று விட்டு நுரையைப் பொங்கச் செய்வார்கள். அந்த நுரை கழுத்திலிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். காலி கேனில் காற்றை உறிஞ்சினால் அது நசுங்கிவிடும். கரியமில வாயுவை ஊதிக் காற்றை விரட்டுவது மட்டும்தான் முடியும். வாயும் அகலம். மூடி வந்து உட்காரும் அந்த ஒரு நொடியில் நுரை முழுக்க மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பெரிய ப்ரூவரிகளின் எந்திரங்கள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன. சின்ன ப்ரூவரிகளின் மலிவான எந்திரங்களில் கேனுக்குக் கேன் வித்தியாசம் வரும். அதனால் “கேன் என்றாலே புதுசாக இருக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நல்ல எந்திரத்தில் நிரப்பிய பாட்டில், மோசமாக நிரப்பிய கேனைவிட முதல் சில மாதங்களுக்கு நன்றாகவே இருக்கும்.

பீரின் வகையும் இதில் சேர்ந்துகொள்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆம்பர் ஏலையும் (மால்ட் சுவை முன்னால் நிற்கும் செம்பழுப்பு நிற வகை) ஓர் ஐபிஏவையும் கேனிலும் பாட்டிலிலும் வைத்து ஆறு மாதம் பார்த்தார்கள். ஒரு மாதம் குளிரில், மிச்ச மாதங்கள் அறை வெப்பத்தில், அதாவது நிஜ வாழ்க்கையில் நடப்பது போல. 2023இல் வந்த அந்த முடிவுகளின்படி ஆம்பர் ஏல் பாட்டிலில் நன்றாகத் தாங்கியது. ஐபிஏவுக்கு எதில் இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஹாப்ஸ் அதிகமுள்ள பீரில் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருட்கள் அதிகம், அவை ஆக்ஸிஜனைத் தாமே வாங்கிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கேன் பக்கம் நிற்கும் நான் இந்த ஆய்வை மறைக்க விரும்பவில்லை. மால்ட் சுவை முன்னால் நிற்கும், கசப்பு குறைந்த ஏல்களுக்குப் பழுப்புப் பாட்டில் நல்ல தேர்வுதான்.

“கேனில் தகர வாசனை வருகிறதே?”

இந்தப் புகாருக்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. கேனில் அடைத்த பீர் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1935 ஜனவரி 24, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில். நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இருந்த காட்ஃப்ரைட் க்ரூகர் ப்ரூவரியும் அமெரிக்கன் கேன் கம்பெனியும் சேர்ந்து செய்த பரிசோதனை அது. அதே வருடக் கடைசியில் பிரிட்டனில், தகரத் தகட்டுத் தொழிலுக்குப் பேர்போன வேல்ஸ் பகுதியின் ஃபெலின்ஃபோயல் ப்ரூவரியும் கேனில் இறங்கியது. அன்றைய கேன்கள் தகரம் பூசிய எஃகு. உள்பூச்சுத் தொழில்நுட்பம் அப்போதுதான் பிறந்திருந்தது. தகர வாசனை என்ற பெயர் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது.

இப்போதைய கேன் அலுமினியம். 1959இல் கூர்ஸ் நிறுவனம் அலுமினியக் கேனைக் கொண்டுவந்தது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இன்றைய கேனின் உள்பக்கம் முழுவதும் சில மைக்ரான் தடிமனுள்ள, பிளாஸ்டிக் போன்ற பாலிமர் பூச்சு இருக்கிறது. பீருக்கும் உலோகத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இருந்திருந்தால் பீரின் அமிலம் கேனை அரித்து ஓட்டை போட்டிருக்கும். அப்படியானால் வாசனை எங்கிருந்து வருகிறது? கேனிலிருந்து நேராகக் குடிக்கும்போது உதடு மூடியைத் தொடுகிறது, மூக்கு உலோகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதே பீரைக் கிளாஸில் ஊற்றினால் அந்த வாசனை போய்விடும்.

மனசின் பங்கும் பெரியது. 2015இல் எடின்பரோ அறிவியல் திருவிழாவுக்கு வந்த 151 பேரிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே ப்ரூவரியின், ஒரே தொகுதியில் தயாரான பீர். சிலருக்கு அவர்கள் கண் முன்னே பாட்டிலிலிருந்து ஊற்றினார்கள், சிலருக்குக் கேனிலிருந்து. குடித்தது எல்லாரும் கோப்பையில்தான். பாட்டிலிலிருந்து ஊற்றியதைப் பார்த்தவர்கள் சுவைக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். எதிலிருந்து வந்தது என்று காட்டாமல் கொடுத்த இன்னொரு பரிசோதனையில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே பீர், தயாரிப்புத் தேதி ஏறக்குறைய ஒன்று, இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் இருந்தவை. இன்னொருவர் மறைவாக மூன்று கிளாஸில் ஊற்றட்டும், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. தனியாக இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்பதைவிட இது நேர்மையான சோதனை.

உள்பூச்சு பற்றி ஒரு நியாயமான கவலை உண்டு. நீண்ட காலம் அதில் பிஸ்ஃபீனால் ஏ என்ற வேதிப்பொருள் கலந்த எபாக்ஸி பிசின் இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அந்தப் பொருளுக்கான பாதுகாப்பான தினசரி அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் உணவோடு தொடும் பொருட்களில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது, தொழிற்சாலைகள் மாறிக்கொள்ள அவகாசத்தோடு. பல உற்பத்தியாளர்கள் ஏற்கெனவே வேறு பூச்சுக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் கண்ணாடி எதையும் கசியவிடாது என்பதால் மனசு பாட்டிலுக்குப் போகிறது என்றால், அது மதிக்க வேண்டிய காரணம்.

தேதியும் சூடும்

கேனா பாட்டிலா என்று யோசிக்கும் நேரத்தில் பாதியைத் தேதி பார்ப்பதற்குக் கொடுத்தால் இன்னும் நல்ல பீர் கிடைக்கும். ப்ரூவரிக்காரர்கள் 3-30-300 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பீருக்கு 32 டிகிரி செல்சியஸில் 3 நாளில் வரும் முதுமை, 22 டிகிரியில் 30 நாளிலும் 3 டிகிரியில் 300 நாளிலும் வரும் என்பது அது. துல்லியமான சூத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் போக்கு சரி. நம் ஊர் மே மாதத்தில் 32 டிகிரி என்பது நிழலில் நல்ல நாள். ஏசி இல்லாத கிடங்கில் ஒரு மாதம் கிடந்த பெட்டிக்குள் இருப்பது கேனாக இருந்தாலும் பாட்டிலாக இருந்தாலும் பீர் போனதுதான். சூடும் ஆக்ஸிஜனும் சேர்ந்து செய்யும் கெடுதலைக் கேனின் இறுக்கமான மடிப்பு கொஞ்சம் தள்ளிப் போடும், நிறுத்தாது.

கேனில் தேதி பெரும்பாலும் அடியில் அச்சாகியிருக்கும். பாட்டிலில் லேபிளிலோ கழுத்திலோ இருக்கும், சில சமயம் அழிந்தும் இருக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகப் பார்த்து எடுங்கள். ஐபிஏ என்றால் இன்னும் புதுசாக.

குளிர வைப்பதில் கேன் முந்துகிறது. மெல்லிய அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் போட்டால் கேன் பாட்டிலுக்கு முன்பே தயாராகிவிடும். கையில் பிடித்திருக்கும்போது அதே வேகத்தில் சூடாகவும் செய்யும். கிளாஸில் ஊற்றிவிட்டால் இந்த விவாதமும் முடிந்தது. ஃப்ரீஸரில் வைத்து மறந்துபோவது மட்டும் இரண்டுக்கும் ஆபத்து.

பாட்டில் கட்டாயமாக வேண்டிய இடம்

பெல்ஜியத்தின் ஓர்வால், வெஸ்ட்மால், ரோஷ்ஃபோர் போன்ற டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடாலயப் பீர்கள் பாட்டிலுக்குள் உயிரோடு இருப்பவை. அடைக்கும்போது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடுகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதித்து வாயு உண்டாகிறது. அந்த ஈஸ்ட் உள்ளே மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து செலுத்திய வாயுவைவிட இந்த நுரை மென்மையாக, நீண்ட நேரம் நிற்கும். இதில் ஓர்வால் தனி வகை. பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்ப்பதால் அது மாதம் மாதமாக மாறும். புதுசாக இருக்கும்போது ஹாப்ஸ் கசப்பு முன்னால் நிற்கும். ஒரு வருடம் போனால் வறண்டு, புளிப்பின் சாயலும் தோல் போன்ற ஒரு மணமும் வரும். இரண்டையும் குடித்துப் பார்த்தவர்கள் எது மேல் என்று சண்டை போடுவார்கள். நான் ஆறு மாதத்துக் கட்சி.

இத்தகைய பீரில் அழுத்தம் மிக அதிகம். அதைத் தாங்கவே தடித்த கண்ணாடி, சில வகைகளுக்குத் தக்கையும் கம்பியும். சாதாரணக் கேன் ஓரளவு அழுத்தத்துக்கு மேல் போனால் அடி புடைத்துவிடும். உள்ளே நொதிக்க விட்டு, வெயில் ஊரில் கிடங்கில் வைத்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கேனில் மறுநொதிப்பு செய்பவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அளந்து அளந்து செய்ய வேண்டிய வேலை அது. காற்றிலிருக்கும் ஈஸ்டாலேயே நொதிக்கும் பெல்ஜிய லாம்பிக் வகையைச் சேர்ந்த கூஸ், ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிக்கும் பார்லி வைன் என்ற வீரியமான ஏல், இவையெல்லாம் பாட்டிலின் சொத்து. இவற்றுக்கு மூடி வழியே மெதுவாக வரும் ஆக்ஸிஜன்கூடக் குணத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

கேனுக்குப் பெயர் சேர்த்த ஒன்றும் உண்டு. அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸ் டிராட்டை வீட்டுக்குக் கொண்டுவர வழி கிடைத்தது கேனில்தான். 1988இல் வந்த அந்தக் கேனுக்குள் நைட்ரஜன் நிறைந்த சின்னப் பிளாஸ்டிக் கூடு இருக்கும். திறந்ததும் அழுத்தம் விழுந்து அதன் நுண்துளை வழியே வாயு பீய்ச்சி, பப் மதுக்கடையில் குழாயிலிருந்து ஊற்றியதைப் போலக் க்ரீம் நுரை எழும்பும். கின்னஸ் வாங்கும்போது பாட்டிலில் வருவது எக்ஸ்ட்ரா ஸ்டௌட்டா, வேறு வகையா என்று லேபிளைப் பாருங்கள். எக்ஸ்ட்ரா ஸ்டௌட் வேறு பீர், கசப்பும் வாயுவும் கூடுதல். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

சிறிய அளவில் தயாரிக்கும் கைவினை ப்ரூவரிகள் கேனை ஏற்றுக்கொண்ட கதையையும் இங்கே சொல்ல வேண்டும். கொலராடோவின் லயன்ஸ் என்ற சிற்றூரில் ஆஸ்கர் ப்ளூஸ் ப்ரூவரி 2002இல் தன் டேல்ஸ் பேல் ஏலைக் கையால் இயக்கும் சிறிய எந்திரத்தில் கேனில் அடைக்கத் தொடங்கியது. நல்ல பீர் என்றால் பாட்டில் என்று எல்லாரும் உறுதியாக இருந்த நேரம். பல வருடம் கேனை எதிர்த்துவந்த சாமுவேல் ஆடம்ஸ் பிராண்டும் 2013இல் கேனுக்கு வந்தது. வெர்மான்ட்டின் ஆல்கெமிஸ்ட் ப்ரூவரி தன் ஹெடி டாப்பர் என்ற ஐபிஏ கேனில் “கேனிலிருந்தே குடியுங்கள்” என்று அச்சிட்டே வைத்தது, ஹாப்ஸ் மணம் காற்றில் போய்விடாமல் இருக்க. அந்த ஒரு பீரைத் தவிர மற்றதற்கெல்லாம் நான் கிளாஸ் கட்சிதான். மணம் மூக்குக்கு வராமல் பீரில் பாதி இல்லை.

காலியானதும் எங்கே போகிறது

330 மில்லி கண்ணாடிப் பாட்டில் ஒன்று ஏறக்குறைய 200 கிராம். அலுமினியக் கேன் 13 கிராம் சுமார். 24 கொண்ட ஒரு பெட்டியில் கண்ணாடி மட்டுமே 5 கிலோ பக்கம், அலுமினியம் 300 கிராம் சொச்சம். கடல் தாண்டியோ மாநிலம் தாண்டியோ வரும் பீர் என்றால் இந்த எடையைச் சுமக்க எரிபொருள் எரிகிறது.

ஆனால் பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய்க் கழுவி நிரப்பினால் கணக்கே மாறிவிடுகிறது. ஜெர்மனி இதற்கு நல்ல உதாரணம். திரும்ப நிரப்பும் சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம். அரை லிட்டர் பாட்டில் 20 கொண்ட ஒரு கிரேட்டைத் திருப்பிக் கொடுத்தால், கிரேட்டுக்கும் சேர்த்து 3.10 யூரோ கையில் வரும். ஒரே பாட்டில் பல பத்து முறை சுற்றும். ஒருமுறை பயன்படுத்தும் கேனுக்கு 2003 முதல் 25 சென்ட் முன்பணம். அந்தச் சட்டம் வந்தபோது ஜெர்மன் கடைகளிலிருந்து கேன் கிட்டத்தட்ட மறைந்தே போனது. டென்மார்க் இன்னும் கடுமை, 1980களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை பீருக்குக் கேனையே அனுமதிக்கவில்லை.

பாட்டில் திரும்பாத இடத்தில் கண்ணாடிக்கு நல்ல பெயர் கொடுக்க முடியாது. பழைய கண்ணாடியை மறுபடி உருக்க 1500 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும், மிச்சமாகும் ஆற்றல் குறைவு. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்க ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும், ஆனால் பழைய கேனை உருக்கிப் புதுக் கேன் செய்தால் அதில் 95 சதவீதம் மிச்சம். பழைய இரும்புக் கடையில் கேனுக்கு எடைக்கு நல்ல விலை கிடைப்பதன் காரணம் இதுதான். ஆகவே என் வரிசை: பக்கத்து ஊரிலேயே திரும்ப நிரப்பும் பாட்டில் முதலில், சேகரித்து உருக்கப்படும் கேன் அடுத்தது, ஒருமுறை குடித்து வீசும் பாட்டில் கடைசி.

தமிழ்நாட்டில் இந்தக் கடைசி வகை என்ன செய்தது என்பது நீலகிரியில் தெரிந்தது. காட்டோரங்களில் வீசிய பாட்டில்களின் உடைந்த சில்லுகள் யானைகளின் காலில் ஏறின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2022 மே மாதம் முதல் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். மலைக்கோ கடற்கரைக்கோ போகிறீர்கள் என்றால் கண்ணாடி வேண்டவே வேண்டாம். நசுக்கிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவரக் கேன்தான் வசதி.

கடையில் நிற்கும்போது

இந்தியக் கடைகளில் பாட்டில் பெரும்பாலும் 650 மில்லி, கேன் 500 அல்லது 330. விலையை நேராக ஒப்பிடாமல், பாட்டில் விலையை 6.5ஆலும் 500 மில்லி கேன் விலையை 5ஆலும் வகுத்துப் பாருங்கள். நூறு மில்லிக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். தனியாகக் குடிப்பவருக்கு 650 அதிகம். திறந்த பாட்டிலை மூடி வைத்து நாளைக்குக் குடிக்க முடியாது, வாயு போய்விடும். அளவோடு நிறுத்த 330 மில்லி கேன் தோதானது. இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் 650 பாட்டிலில் தவறில்லை.

பாட்டில் வாங்கும்போது பழுப்பு நிறமாகப் பாருங்கள், முன்வரிசையை விட்டுப் பின்வரிசையிலிருந்தோ மூடிய அட்டைப்பெட்டியிலிருந்தோ கேளுங்கள். தோளிலும் அடியிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் தெரிந்தால் அது பலமுறை கழுவி நிரப்பிய பாட்டில். பார்க்கப் பழசாக இருக்கும், பீருக்கு ஒன்றுமில்லை. வாய் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் மாற்றிக் கேளுங்கள். கேன் வாங்கும்போது மேல் மடிப்பில் நசுங்கல் இருந்தால் எடுக்க வேண்டாம், அந்த மடிப்புதான் காற்றைத் தடுக்கிறது. உடலில் சின்னப் பள்ளம் பரவாயில்லை. கிடங்குத் தூசு மேலே படிந்திருக்கும், திறப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

வீட்டில் எதையும் நின்ற வாக்கில் குளிரில் வையுங்கள். பெல்ஜியப் பாட்டிலாக இருந்தால் ஈஸ்ட் அடியில் படிய ஒரு நாள் அசையாமல் விட்டு, ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, அடியில் கலங்கல் வரும்போது நிறுத்துங்கள். அந்தக் கலங்கலைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம்.